மோந்ததை மட்டும் எழுதியவர்

நான் அவரை முதலில் பார்த்தபோது என் மிஷினைக் கேலி செய்துகொண்டிருந்தார்.

கடலூர் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு கிராமத்தில், நூலகக் கட்டிடத்தின் மொட்டைமாடியில் அந்த மிஷின் இருந்தது. தகரக் கூண்டுக்குள் ஒரு பெரிய காற்று உறிஞ்சி. காலையில் அதன் தலையில் வெள்ளை வடிதாள் ஒன்றைப் பொருத்திவிட்டால், மறுநாள் காலை வரை சுற்றுவட்டாரக் காற்றை இழுத்து அந்தத் தாள் வழியாக விட்டுக்கொண்டே இருக்கும். தாளில் படிந்த அழுக்கை எடை போடுவார்கள். பக்கத்தில் மாட்டிய குப்பிகளில் கரைந்திருக்கும் வாயுவைச் சோதிப்பார்கள். பிறகு காற்று எப்படி இருந்தது என்று அறிக்கை வரும். தாளையும் குப்பியையும் மாற்றுவது என் வேலை. கடலூரில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடம் என்னை ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. சிதம்பரத்திலிருந்து பைக்கில் வந்து போவேன்.

அன்று பக்கத்து மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏங்க மிஷின்காரரே, இதுக்கு மூக்கு எங்க இருக்குது?"

"மூக்கெல்லாம் இல்லக்கா. வெயிட்டு மட்டும்தான் பாக்கும்."

"நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு நகப்பாலிஷ் நாத்தம் வந்துச்சி. அரை மணி நேரம் கண்ணைத் தொறக்க முடியல. அதை இது சொல்லுமா?"

"ஒரு நாள் முழுக்க இழுத்ததுக்குச் சேத்து ஒரு சராசரி சொல்லும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒருத்தன் அரை மணி நேரம் என் கழுத்தை நெரிச்சிட்டு, மிச்ச நேரமெல்லாம் சும்மா ஒக்காந்திருந்தான்னா, சராசரியா அவன் நல்லவன்தானா?"

வேதியியல் படித்தவன் என்ற கர்வம் அன்றைக்கே கொஞ்சம் இறங்கியது.

அவர் இன்னும் அதே தெருவில் இருக்கிறார். அதனால் பெயரை எழுதவில்லை. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்து, குடிகாட்டுக்கு மருமகளாக வந்தவர். வாசலை ஒட்டித் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பார். கணவர் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஒப்பந்த லோடுமேன். ஒரே மகள், அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வீசிங்.

அவருடைய மூக்கு அந்தத் தெருவில் பிரசித்தம். காலையில் காய்ச்சிய பாலை மோந்து, மத்தியானத்துக்குள் திரிந்துவிடும் என்பார். திரியும். மீன் விற்கும் அம்மா அவர் வாசலில் மட்டும் கூடையை இறக்கத் தயங்குவார். "அது மோந்துச்சின்னா நேத்து மீனுன்னு தெருவுக்கே சொல்லிடும்" என்று என்னிடமே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னார்.

ஆனால் நான் சொல்ல வந்தது மூக்கைப் பற்றி அல்ல. நோட்டைப் பற்றி.

தையல் மிஷின் மேசையின் இழுப்பறையில் நீள நோட்டு ஒன்று இருக்கும். என்ன தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கமிருந்து, என்ன நாற்றம், கண் எரிந்ததா, தொண்டை கரித்ததா, எவ்வளவு நேரம் இருந்தது, எல்லாம் அதில் இருக்கும். நாற்றங்களுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். அழுகின முட்டை. வெந்த முட்டைக்கோஸ். செத்த எலி. தீஞ்ச ரப்பர். ஒன்றுக்குப் 'பலாப்பழம்' என்று பெயர். படிக்க நன்றாக இருக்கிறதே என்றேன். "அதுதாங்க மோசம். அது வந்தா பாப்பாவுக்கு இழுப்பு நிச்சயம்" என்றார்.

காற்று மாறி நாற்றம் வந்தால் தையலை நிறுத்திவிட்டு எழுந்து சன்னலைச் சாத்துவார். அவர் சாத்தினால் எதிர்வீட்டு அத்தை சாத்துவார். அதைப் பார்த்து அடுத்த வீடு. ஒரு சத்தமும் இல்லாமல் தெரு முழுவதும் சன்னல்கள் வரிசையாக மூடுவதை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். அவர் எழுந்தார் என்பதே போதும்.

அந்த நோட்டில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தீஞ்ச ரப்பர் நாற்றம் ஊரையே புரட்டிப்போட்டிருக்கிறது. ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போனவர்கள் நோட்டை வாங்கிப் பார்த்தால் அந்த நாள் காலியாக இருந்தது. அன்று அவர் நெல்லிக்குப்பத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்.

எதிர்வீட்டு மாமா கோபமாக வந்தார். ஒரு காலத்தில் உப்பனாற்றில் வலை வீசியவர். பெரிய குரல்.

"ஊரே மோந்துச்சிம்மா! ஒரு வரி எழுதுறதுல உனக்கு இன்னா நஷ்டம்?"

"நான் மோக்கல மாமா. நான் ஊர்லயே இல்ல."

"நான் மோந்தேன். என்னை நம்ப மாட்டியா?"

"நம்புறேன் மாமா. நீங்க மோந்ததை நீங்க ஒரு நோட்டு போட்டு எழுதுங்க. இது என் நோட்டு. இதுல ஒரு வரி பொய்யின்னு ஒருத்தன் காட்டிட்டான்னா மிச்சம் எல்லாமே பொய்யின்னு தூக்கிப் போட்டுடுவான்."

மாமா இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் அவரே வந்து காப்பி கேட்டிருக்கிறார்.

ஊரடங்கு வந்தபோது நான் சிதம்பரத்தில் மாட்டிக்கொண்டேன். மேல வீதிக்குப் பின்னால் சந்தில் எங்கள் வீடு. முதல் வாரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒருநாள் காலையில்தான் கவனித்தேன், மொட்டைமாடியில் உலர்த்திய வேட்டியில் கரித்தூள் இல்லை. பஸ் ஓடவில்லை, செங்கல் லாரி ஓடவில்லை. கோயில் மணிச் சத்தம் எங்கள் சந்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்டது. நான் குடிகாட்டை நினைத்துக்கொண்டேன். காற்றை அளப்பவனாக இருந்து, அளக்க வேண்டிய நாட்களில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோமே என்று இருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு ஒருமுறை கிளம்பினேன். புதுச்சத்திரத்தில் போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டது.

குடிகாட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"மிஷின்காரரே, உங்க மிஷின் தூங்குது. நான் எழுதிக்கிட்டுதான் இருக்கேன்."

"என்ன எழுதுறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஏங்க்கா, நாத்தம் இல்லியா?"

"அதான் சொல்றேனே. 'ஒண்ணுமில்ல'ன்னு எழுதுறேன். தெனம்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கல்யாணம் ஆகி வந்து பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆவுது. இந்த ஊருக்கு உப்பு வாசனை இருக்குதுன்னு இப்பதாங்க தெரியுது. உப்பனாத்துச் சேறு ஒரு மாதிரி வாசனை அடிக்குது. வேப்பம்பூ அடிக்குது. முந்தாநாள் எங்கியோ பாய் வீட்டுல பிரியாணி. பாப்பா இன்ஹேலரு பீரோ மேலயே கெடக்குது, எடுக்கவே இல்ல."

சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனால் பின்னால் அவர் கணவரின் குரல் கேட்டது. "ஒனக்குக் காத்து கெடைச்சிடுச்சி. எனக்கு வேல போயிடுச்சி. எழுது, அதையும் எழுது." போன் வைக்கப்பட்டது.

அனுமதிச் சீட்டு கிடைத்து நான் மறுபடி குடிகாடு போக ஏழெட்டு வாரமாகிவிட்டது. கம்பெனிகள் பெரும்பாலும் இன்னும் மூடித்தான் இருந்தன. தாளைப் பொருத்திவிட்டு வந்து மறுநாள் காலையில் எடுத்தேன். வழக்கமாக அது அடுப்படிக் கரித்துணி நிறத்தில் இருக்கும். அன்று வெள்ளையாக, ஓரங்களில் மட்டும் லேசான மஞ்சளாக இருந்தது. மிஷின் ஓடவில்லையோ என்று சந்தேகப்பட்டு ஓடிய நேரத்தைப் பார்த்தேன். முழுக்க ஓடியிருந்தது.

கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றார். அவரே தைத்த பூப்போட்ட துணி முகக்கவசம்.

"காட்டுங்க பாப்போம்." தாளைத் தூக்கிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இதுதான் எங்க காத்தா?"

"இதுதாங்க்கா."

"டி.வி.ல ஒருத்தர் சொல்றாரு, பூமி சூடாவுறதுகூட கொறைஞ்சிடும்னு. நெசமாவா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தூசியும் இந்த நாற்ற வாயுக்களும் விட்டால் வரும், நிறுத்தினால் சில நாளில் படிந்துபோகும், மழையில் கரைந்துபோகும். பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு அப்படியில்லை. நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. இந்த இரண்டு மாதம் புதிதாகப் போனது கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். தாத்தா காலத்திலிருந்து மேலே போனதில் கிட்டத்தட்டப் பாதி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அது இறங்கப் பல தலைமுறை ஆகும்.

"நாத்தமே இல்லியா அதுக்கு?"

"இல்லக்கா."

"அப்ப என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அவருக்கு அது உண்மையாகவே வருத்தமாக இருந்தது தெரிந்தது. பிறகு, "இங்க ரெண்டு மாசம் எல்லாத்தையும் பூட்டுனாங்க. எங்க வூட்டுக்காரரு சுவரைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காரு. தெருவுல பாதி வூட்டுல ரேஷன் அரிசிதான். அப்படியும் மேல இருக்குறது அப்படியே இருக்குதா? என்னங்க கணக்கு இது?" என்றார்.

நான் தாளை உறைக்குள் வைத்தேன்.

அந்த வாரம் எங்கள் பரிசோதனைக்கூடத்தில் மேலாளர் ஒரு படிவத்தை நீட்டினார். நான் போகாத வாரங்களுக்கான வரிசைகள் காலியாக இருந்தன. "காலியா அனுப்புனா கேள்வி வரும். கம்பெனி எல்லாம் மூடித்தானே இருந்தது? இப்ப எடுத்த ரீடிங்கை ஒட்டி முன்னப்பின்ன போட்டு நிரப்பிடுப்பா. தப்பு ஒண்ணும் இல்ல. காத்து நெசமாவே அப்படித்தான் இருந்திருக்கும்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அக்காவின் நோட்டே அதைத்தான் சொல்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிரப்பினேன். 'மாதிரி சேகரித்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நோட்டில் நகப்பாலிஷ் முதலில் வந்தது, பிறகு முட்டைக்கோஸ். ஒரு செவ்வாய்க்கிழமை பலாப்பழம் வந்தது. இன்ஹேலர் பீரோ மேலிருந்து இறங்கியது. கணவருக்கு மறுபடி வேலை கிடைத்தது. அந்த மாதம் நான் பார்த்தபோது வீட்டில் எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். அக்கா மட்டும் இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்கிறவர்போல மகளையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது அலையில் அவர்கள் வீட்டில் மூன்று பேருக்கும் காய்ச்சல். மகளுக்குத்தான் பயந்தார்கள், அவள் நல்லபடி தேறிவிட்டாள். கணவரும் எழுந்துவிட்டார். அக்காவுக்கும் காய்ச்சல் ஐந்தாறு நாளில் போய்விட்டது.

நான் அடுத்த முறை போனபோது அவர் மாடிக்கு வந்தார். கையில் ஒரு தட்டு. அதில் வெங்காயம், கற்பூரம், பெருங்காயக் கட்டி, ஒரு சின்னக் கிண்ணத்தில் மண்ணெண்ணெய்.

"கண்ணை மூடிக்கிறேன். ஒவ்வொண்ணா மூக்குகிட்ட காட்டுங்க" என்றார்.

காட்டினேன். கற்பூரத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. பெருங்காயத்துக்கும் சொல்லவில்லை. மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை மேலுதட்டில் படும் அளவுக்குக் கொண்டுபோனேன். கண்ணை மூடியபடியே கேட்டார்.

"காட்டிட்டீங்களா?"

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். "ஒரு மாசம் ரெண்டு மாசத்துல வந்துடும்னு டாக்டர் சொல்றாரு. அதுக்குள்ள தெருவுக்கு எதுக்குப் பயம் காட்டணும்? எங்க வூட்டுக்காரருக்கே தெரியாது."

"நோட்டு?"

"எழுதல. மோக்கறப்ப எழுதிக்கலாம்."

அவர் சொன்னதில் பயம் இருந்தது. கொஞ்சம் வெட்கமும் இருந்தது. கண் போனவர் சொல்லலாம், காது போனவர் சொல்லலாம். மூக்கு போய்விட்டது என்று அந்தத் தெருவில் அவர் எப்படிச் சொல்வார்? நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு வேலைநாள் மத்தியானம், தொழிற்பேட்டையில் ஏதோ ஓர் ஆலையில் ஒரு குழாய் வால்வு உடைந்து வாயு கசிந்தது. நான் அன்று அங்கே இல்லை. மறுநாள் அக்கா சொல்லித்தான் தெரியும்.

அவர் வாசலை ஒட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மகள் பள்ளிக்கூடத்தில். எதிர்வீட்டு மாமா வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். காற்று மாறியது. தெருவில் சிலருக்கு நாற்றம் வந்திருக்கிறது. எதிர்வீட்டு அத்தை எழுந்து சன்னல் வரை போயிருக்கிறார். போனவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். அக்கா மிதித்துக்கொண்டிருந்தார். தையல் மிஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"அது எழுந்திருக்கலன்னா பெரிசா இருக்காதுன்னு நெனைச்சேன்" என்று அத்தை பின்னால் ஆஸ்பத்திரியில் சொன்னாராம். திரும்பிப் போய்ப் பாத்திரம் விளக்க உட்கார்ந்துவிட்டார்.

அக்காவுக்கு முதலில் கண் எரிந்தது. வெங்காயம் நறுக்கிய கையால் தேய்த்துவிட்டோமோ என்று நினைத்திருக்கிறார். பிறகு தொண்டை கரித்தது. அதற்குப் பிறகுதான் புரிந்திருக்கிறது. எழுந்து வெளியே ஓடிவந்தபோது, மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாராம்.

தெருவில் இன்னும் நாலைந்து பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் அன்று சாயங்காலமே திரும்பிவிட்டார்கள். மாமா மூன்று வாரம் கழித்து வந்தார். வந்தவருக்குப் பழைய குரல் இல்லை. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். வாசல்படி இறங்குவதற்கு அத்தை தாங்க வேண்டியிருந்தது.

"மாமாவுக்கு ஏற்கெனவே கொரோனா வந்த நுரையீரலு, அதனாலதான்னு கம்பெனி ஆளு சொன்னானாம்" என்றார் அக்கா. "இருக்கலாம். எனக்குத் தெரியல. ஆனா அத்தை என்னைப் பாத்துச்சி. நான் தைச்சிக்கிட்டு இருந்தேன்."

அவர் அழவில்லை. பாதி தைத்த ஜாக்கெட் அப்படியே ஊசிக்குக் கீழே கிடந்தது.

"சொல்லிடுங்கக்கா இப்பவாவது" என்றேன்.

"என்னன்னு சொல்றது? மூக்கு இல்லாம நாலு மாசமா ஏமாத்திக்கிட்டு இருந்தேன்னா?"

நான் வற்புறுத்தவில்லை. ரகசியத்தில் எனக்கும் பங்கு இருந்தது.

அடுத்த வருடம் ஒரு கம்பெனி விரிவாக்கத்துக்காகக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் அதிகாரிகள். கீழே ஊர்க்காரர்கள், கம்பெனி வேலைக்காரர்கள், போலீஸ். எங்கள் பரிசோதனைக்கூடத்தின் அறிக்கையைத்தான் காட்டப்போகிறார்கள் என்று மேலாளர் என்னையும் வரச்சொல்லியிருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

கம்பெனி சார்பில் பேசிய ஆலோசகர் திரையில் ஒரு வரைபடத்தைப் போட்டார். அழகாக இறங்கிய ஒரு கோடு. இந்தப் பகுதியின் காற்று மேம்பட்டிருப்பதை இது காட்டுகிறது என்றார். அந்தக் கோட்டின் மிக அழகான பகுதி நான் வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பிறகு நிரப்பிய வாரங்கள். எனக்கு அது பார்த்தவுடனே தெரிந்தது.

பிறகு அவர் ஒரு நகல் கட்டை எடுத்தார். "இது எங்கள் அளவீடு மட்டும் அல்ல. இந்த ஊரைச் சேர்ந்த ஒரு சகோதரி வருடக்கணக்காகத் தன் கையால் எழுதிய குறிப்பு." அக்கா யார் கேட்டாலும் நோட்டை நகலெடுக்கக் கொடுப்பவர். எழுதியதை மறைக்கவா எழுதினேன் என்பார். ஆலோசகர் வாசித்தார். "ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. தொடர்ந்து இரண்டு மாதம் இப்படி."

பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்தார். கணவர் நாலு வரிசை முன்னால் கம்பெனி ஆட்களோடு உட்கார்ந்திருந்தார், அவர் திரும்பிப் பார்த்து உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அக்கா உட்காரவில்லை. ஒருவர் மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"நான்தாங்க எழுதுனேன். பொய்யில்ல. அப்ப ஊரடங்கு. கம்பெனி எல்லாம் பூட்டியிருந்துச்சி. பூட்டியிருந்தா காத்து எப்படி இருக்கும்னு அந்தப் பக்கத்துல இருக்குது. தொறந்திருக்கறப்பவும் அப்படி இருக்கணும்னுதான் கேக்குறோம். எங்க ஆம்பளைங்களுக்கு வேலையும் வேணும். ரெண்டுல ஒண்ணுதான் கெடைக்கும்னு யாருங்க சொன்னது?"

மண்டபத்தில் கைதட்டல். ஆலோசகர் பொறுமையாகக் காத்திருந்தார். பக்கங்களைப் புரட்டினார்.

"சரிங்கம்மா. போன வருஷம் மே மாசத்துக்கு அப்புறம் ஒரு குறிப்பும் இல்லை. ஊரடங்கெல்லாம் முடிந்து கம்பெனிகள் முழுசா ஓடின காலம். நாற்றம் வந்திருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள், இல்லையா? எழுதவில்லை என்றால் வரவில்லை என்றுதானே அர்த்தம்?"

எதிர்வீட்டு அத்தை அக்காவுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அக்கா அவரைப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது. மைக்கை இறக்கினார், மறுபடி தூக்கினார்.

"அர்த்தம் அது இல்லீங்க. எனக்கு மூக்கு போயிடுச்சி. காய்ச்சல்ல போயிடுச்சி. நான் யார்கிட்டயும் சொல்லல. அன்னிக்கு வால்வு போனப்பவும் எனக்கு மோக்கத் தெரியல. நான் தைச்சிக்கிட்டு இருந்தேன். என்னைப் பாத்துட்டுதான் அத்தை சன்னலைச் சாத்தல. மாமா இப்படி ஆனதுல எனக்குப் பங்கு இருக்குது. அதையும் எழுதிக்கிங்க. ஆனா நாத்தம் வரலன்னு மட்டும் எழுதிடாதீங்க."

யாரும் கைதட்டவில்லை. அத்தை எழுந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த இடத்தில் நான் எழுந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அந்தக் கோட்டில் அந்த வாரங்களுக்கு யாரும் தாள் வைக்கவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். மேலாளர் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். கையிலிருந்த கோப்பைத் திறந்து, ஒன்றும் படிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரிவாக்கத்துக்கு நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. அக்காவின் கணவருக்குக் கம்பெனியில் நுழைவு அட்டையைப் புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. அவர் நெல்லிக்குப்பம் பக்கம் மாமனார் ஊரில் கரும்பு லோடு டிராக்டர் ஓட்டப் போனார், வாரம் ஒருமுறை வருவார். அத்தை பேச்சை நிறுத்திவிட்டார். அந்த வீட்டிலிருந்து குழம்புக் கிண்ணம் வருவதும் நின்றது.

நான் அந்த வேலையை விட்டுவிட்டுப் புவனகிரியில் ஒரு மண் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தேன். மனசாட்சிக்காக விட்டேன் என்று சொல்லமாட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்குப் பக்கத்தில் வேலை வேண்டியிருந்தது. கிளம்புவதற்கு முன்பு கடைசியாக ஒருமுறை தாள் மாற்றப் போனபோது அக்காவைப் பார்க்க வீட்டுக்குள் போனேன்.

மூக்கு திரும்பிக்கொண்டிருந்தது. ஆனால் கோணலாகத் திரும்பிக்கொண்டிருந்தது. "எல்லாமே நாறுதுங்க. காப்பி தீஞ்ச நாத்தம் அடிக்குது. மல்லிப்பூவைக் கிட்ட வச்சா செத்த எலி. கம்பெனியா, என் மூக்கான்னு எனக்கே தெரியல." நோட்டைக் காட்டினார். கூட்டத்துக்கு அடுத்த நாளிலிருந்து தேதி போட்டு ஒவ்வொரு நாளும் ஒரே சொல். தெரியல. தெரியல. தெரியல.

அதைப் பார்த்தபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். போகாத வாரங்களை நிரப்பியது, கையெழுத்துப் போட்டது, மண்டபத்தில் கோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நோட்டை மூடி இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, மிஷினில் நூல் கோக்கத் தொடங்கினார்.

வெளியே வேப்பங்கிளை அசைந்தது. காற்று கிழக்குக்கு மாறியிருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு மூக்கில் ஏதோ பட்டது. இனிப்பாக, கூர்மையாக. நான் நிமிர்ந்ததை அவர் கவனித்துவிட்டார்.

"என்ன?"

"வருதுக்கா. நகப்பாலிஷ் மாதிரி."

அவர் என்னையே பார்த்தார். "மோந்து சொல்றீங்களா, நிரப்பிச் சொல்றீங்களா?"

மறுபடி மூச்சை உள்ளே இழுத்தேன். கண் ஓரத்தில் எரிச்சல் தொடங்கியிருந்தது. "மோந்துதான் சொல்றேன்."

அவர் எழுந்தார். தன் வீட்டுச் சன்னலைச் சாத்தவில்லை. நேராகத் தெருவைக் கடந்து, பல மாதமாகத் தனக்குத் திறக்காத எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். பதில் இல்லை. உள்ளங்கையால் பலமாகத் தட்டினார்.

"அத்தே! காத்து வருது. மாமாவை உள்ரூம்புக்குக் கூட்டிட்டுப் போங்க. எனக்குத் தெரியல, மிஷின்காரரு மோந்தாரு. அத்தே!"

உள்ளே கட்டில் நகரும் சத்தம் கேட்டது. மாமாவின் இருமல் கேட்டது. கதவு திறக்கவில்லை. சன்னலருகே அத்தை வந்தார். தட்டிக்கொண்டிருந்தவரை ஒருமுறை பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால் தெருவில் நின்ற என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அத்தை ஒன்றும் பேசாமல் சன்னலின் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தி, உள்பக்கம் கொக்கி போட்டார்.

அக்கா அந்தச் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றார். பிறகு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவுக்குப் போனார்.